பிராட்டில் ழகரம்: எஃப்3 கீழே இறங்காமல் மேலே தாவுகிறதே, ஏன்?

வெண்கரிசல்

வணக்கம். முதுகலை ஆய்வேட்டுக்காக, தென்மாவட்டப் பேச்சில் ழகரமும் ளகரமும் இன்னும் பிரிந்து நிற்கின்றனவா, ஒன்றாகிவிட்டனவா என்று பார்க்கிறேன். இப்போது கையில் இருப்பது அறுபது வயதைக் கடந்த ஒரு பெரியவரின் ஒலிப்பதிவு. வாழை–வாளை, கிழி–கிளி, வழி–வளி, தாழ்–தாள் என்று இணைச்சொற்களைச் சொல்ல வைத்தேன். காதுக்கு அவருடைய ழகரம் ஐயத்துக்கு இடமில்லாமல் கேட்கிறது.

பேச்சொலியைப் பகுத்துப் படமாகவும் எண்ணாகவும் காட்டும் பிராட் மென்பொருள் வேறு கதை சொல்கிறது. ழகரத்தில் எஃப்3, அதாவது வாய்க்குழாயின் மூன்றாவது ஒத்திசைவு (ஃபார்மன்ட்), நன்றாகத் தாழும் என்றுதான் படித்திருக்கிறேன். என் அட்டவணையிலோ ளகரத்துக்கு 2,500 ஹெர்ட்ஸ் அளவிலும் ழகரத்துக்கு 2,800, 2,900 என்றும் வருகிறது. நேர்த் தலைகீழ். திரையில் ஃபார்மன்ட்டுகளைக் குறிக்கும் சிவப்புப் புள்ளிகளும் ழகரம் வரும் இடத்தில் தாறுமாறாகத் தாவுகின்றன.

கூடவே இரண்டு சில்லறைச் சிக்கல்கள். முழுப் பதிவையும் திறந்தால் கீழ்ப்பாதியில் ஸ்பெக்ட்ரோகிராம் (எந்த நேரத்தில் எந்த அதிர்வெண் உரக்க இருக்கிறது என்று கறுப்பில் காட்டும் படம்) வருவதே இல்லை, ஏதோ ஒரு வாசகம்தான் வருகிறது. அதோடு, ஒரே கோப்பு என் மடிக்கணினியில் அடர்கறுப்பாகவும் துறைக் கணினியில் வெளிறியும் தெரிகிறது. எதை நம்புவது?

தறிநாடா

சில்லறைகளை முதலில் முடித்துவிடுவோம்.

அந்த வாசகத்தைப் படித்தாலே விடை இருக்கிறது. திரையில் தெரியும் பகுதி பத்து வினாடிக்கு மேல் இருந்தால் பிராட் பகுப்பாய்வைக் காட்டாது. அந்த வரம்பை உயர்த்தலாம், உயர்த்தாதீர்கள். ஒரு சொல்லைப் பார்க்க இரண்டு நிமிடப் பதிவை ஏன் திரையில் விரிக்க வேண்டும்? சொல்லை மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல்-என் அழுத்துங்கள். அந்தத் துண்டு மட்டும் திரையை நிறைக்கும். கன்ட்ரோல்-ஐ நெருங்கிப் போக, கன்ட்ரோல்-ஓ விலகி வர, கன்ட்ரோல்-ஏ முழுவதும். டேப் விசை ஒலியைப் பாட வைக்கும். இடது கீழ்மூலையில் இருக்கும் சின்னப் பொத்தான்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன, ஆனால் கை விசைப்பலகைக்குப் பழகிவிட்டால் வேகம் பல மடங்கு.

கறுப்பும் வெளிறலும்: ஸ்பெக்ட்ரோகிராம் அமைப்பில் டைனமிக் ரேஞ்ச் என்று ஒன்று இருக்கும், அதை இரு கணினியிலும் ஒப்பிடுங்கள். ஒன்றில் 70 டெசிபல், இன்னொன்றில் 50 என்று இருந்தால் விஷயம் முடிந்தது. உச்ச ஒலிக்கு அத்தனை டெசிபல் கீழே இருப்பதெல்லாம் வெள்ளையாகிவிடும். 70 வைத்தால் மின்விசிறி இரைச்சலும் சாம்பலாகத் தெரியும், 50 வைத்தால் அது மறையும். உங்களுக்கு முன் அந்தக் கணினியில் உட்கார்ந்தவர் மாற்றிவிட்டுப் போயிருக்கலாம். பிராட் கடைசியாக வைத்த அமைப்பை நினைவில் வைத்துக்கொள்ளும். பெட்டியில் உள்ள ‘ஸ்டாண்டர்ட்ஸ்’ பொத்தானை அழுத்தினால் பழையபடி ஆகும்.

பழைய_சோனாகிராஃப்

எஃப்3 கேள்விக்கு விடை சொல்லும் முன் இரண்டு தகவல் வேண்டும், மகளே. ஃபார்மன்ட் அமைப்புப் பெட்டியில் உச்சவரம்பு, அதாவது ஃபார்மன்ட்டுகளைத் தேடும் மேல் எல்லை, எவ்வளவு என்று இருக்கிறது? ழகரத்தின் நடுவில் கர்சரை வைத்து, புள்ளிகளை மறைத்துவிட்டுப் பார்த்தால் எத்தனை கறுப்புப் பட்டைகள் தெரிகின்றன?

புள்ளிகளை மறைத்துவிட்டு என்று சொன்னது காரணத்தோடுதான். அவை படத்தின் பகுதி அல்ல. கறுப்புப் பட்டை ஃபூரியே கணக்கில் வருவது, சிவப்புப் புள்ளி நேரியல் முன்கணிப்பு என்ற வேறு கணக்கில் வருவது. இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் அடுக்கிக் காட்டுவதால் ஒன்றுதான் என்று தோன்றிவிடுகிறது.

வெண்கரிசல்

நன்றி ஐயா. உச்சவரம்பு 5,500, நான் எதையும் தொடவில்லை. ஃபார்மன்ட் எண்ணிக்கை 5.

‘வாழை’ என்ற சொல்லைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் ஆகாரத்தில் 700 அளவில் ஒரு பட்டை, 1,250 பக்கம் ஒன்று, 2,500 அருகில் ஒன்று. ழகரத்தை நெருங்கும்போது அந்த மூன்றாவது பட்டை மாடிப்படி இறங்குவதுபோல் இறங்கிவருகிறது. 1,700ஐத் தொடும் இடத்தில் இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்து ஒரே தடித்த பட்டையாகிவிடுகின்றன. பிறகு ஐகாரத்தில் மறுபடி பிரிகின்றன. சேர்ந்திருக்கும் இடத்தில் ஒரே வரிசைப் புள்ளிகள்தான். அடுத்த வரிசை 2,850க்குப் போய்விடுகிறது. புள்ளியில்லாமல் பார்த்தால் இறங்குவது தெளிவாகவே தெரிகிறது!

பழைய_சோனாகிராஃப்

அப்படியானால் உங்கள் பெரியவர் எஃப்3ஐத் தாழ்த்திவிட்டார். தாழ்ந்து எஃப்2வோடு ஒட்டிக்கொண்டதால் பிராட் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிட்டது. அதற்கு மேலே இருக்கும் எஃப்4 வரிசையில் மூன்றாவதாக வந்து நிற்கிறது. அட்டவணையில் எஃப்3 என்ற தலைப்பின் கீழ் நீங்கள் படிப்பது அந்த நான்காவதைத்தான். மென்பொருள் கீழிருந்து மேலாக எண்ணுகிறதே தவிர, எது எதன் தொடர்ச்சி என்று அதற்குத் தெரியாது.

உச்சவரம்பு விஷயம் இதுதான். குரல்வளையிலிருந்து உதடு வரை 17.5 சென்டிமீட்டர் நீளமுள்ள சீரான குழாய் என்று வைத்துக்கொண்டால் ஒத்திசைவுகள் 500, 1,500, 2,500, 3,500, 4,500 என்று விழும். வளர்ந்த ஆணுக்கு ஏறக்குறைய அந்த நீளம். ஆகவே 5,000 ஹெர்ட்ஸுக்குள் ஐந்து. பெண்களின் குழாய் சற்றுக் குட்டை, அவர்களுக்கு ஐந்து அடங்க 5,500 வேண்டும். சிறு குழந்தைக்கு 8,000 வரைகூடப் போகலாம். பெட்டியில் இருக்கும் 5,500 பெண்குரலுக்கு வைத்தது. ஆண்குரலுக்கு அதையே விட்டால், ஐந்தரை ஃபார்மன்ட் இருக்கும் இடத்தில் ஐந்தைத் தேடச் சொல்கிறீர்கள். எங்கே இரண்டு நெருக்கமாக இருக்கின்றனவோ அங்கே அது சிக்கனம் பிடித்துவிடும்.

5,000க்கு இறக்கிப் பாருங்கள். எண்ணிக்கையை 5 என்றே விடுங்கள்.

தறிநாடா

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பட்டைகள் பிரிந்திருக்கின்றனவா என்று கண்ணால் பார்க்க, ஸ்பெக்ட்ரோகிராமின் சாளர நீளத்தையும் (ஒரு தடவையில் கணக்கிடும் ஒலித்துண்டின் நீளம்) மாற்றுங்கள். இயல்பாக 0.005 வினாடி இருக்கும். அப்போது படம் அதிர்வெண்ணைப் பிரித்துக் காட்டும் அகலம் சுமார் 260 ஹெர்ட்ஸ். 200 ஹெர்ட்ஸ் இடைவெளியில் நிற்கும் இரண்டு ஃபார்மன்ட்டுகளை அது எப்படிப் பிரித்துக் காட்டும்? 0.01 வைத்தால் 130 ஹெர்ட்ஸ், ஓரளவு பிரியும். 0.03க்குப் போனால் 43 ஹெர்ட்ஸ். அங்கே ஃபார்மன்ட் கரைந்து, குரலின் ஒத்திசைகள் (குரல் அதிர்வெண்ணின் மடங்குகள்) தனித்தனிக் கிடைக்கோடுகளாக வந்துவிடும். நேரத்தில் கூர்மை வேண்டுமா, அதிர்வெண்ணில் கூர்மை வேண்டுமா, ஒன்றைத்தான் வாங்க முடியும்.

மறுமுனையிலும் பார்க்க வேண்டும். உயர்ந்த குரலுள்ள பெண், குரல் அதிர்வெண் 250 என்றால் 0.005 போதாது, ஃபார்மன்ட்டுக்கு நடுவே ஒத்திசைகள் எட்டிப்பார்க்கத் தொடங்கும். 0.003 வைத்தால் அடங்கும்.

பழைய_சோனாகிராஃப்

260, 43 என்ற இந்த எண்கள் ஆகாயத்திலிருந்து விழவில்லை. நாங்கள் பயன்படுத்திய, ஸ்பெக்ட்ரோகிராமைக் காகிதத்தில் வரையும் கே நிறுவனத்தின் சோனாகிராஃப் கருவியில் 300 ஹெர்ட்ஸ், 45 ஹெர்ட்ஸ் என்று இரண்டு வடிகட்டிகள் இருந்தன. உருளையில் காகிதத்தைச் சுற்ற வேண்டும், முள் அதைக் கருக்கிக்கொண்டே போகும். அறை முழுக்கக் கருகல் நாற்றம். ஒரு தாளில் 2.4 வினாடிப் பேச்சு. அதற்கு மேல் வேண்டுமானால் இன்னொரு தாள். அளக்க ஸ்கேலும் பென்சிலும். பெருமையாகச் சொல்லவில்லை, முதுகுவலிதான் மிச்சம். ஆனால் தாளில் இருக்கும் பட்டையைத் தவிர வேறெதையும் அளக்க வழியில்லை, அதனால் எஃப்4ஐ எஃப்3 என்று எழுதும் வாய்ப்பும் குறைவு.

புள்வழி

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் பறவை ஒலிகளைப் பதிவு செய்பவன். இதுவரை ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில்தான் பார்த்தேன், பிராட்டில் அதே கோப்பு வேறு படமாக இருக்கிறது. ஆடாசிட்டியில் கிடைக்கோடுகள், இங்கே செங்குத்துக் கீற்றுகள். தேன்சிட்டின் ஒலி பாதிக்கு மேல் காணவே இல்லை.

தறிநாடா

காணாமல் போகவில்லை, சட்டத்துக்கு வெளியே இருக்கிறது. பிராட் பேச்சுக்காகச் செய்தது, 0 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரைதான் காட்டும். வியூ ரேஞ்சை 12,000 அல்லது 15,000 என்று மாற்றுங்கள். 44,100 மாதிரி வீதத்தில் பதிந்த கோப்பென்றால் 22,050 வரைதான் தகவல் இருக்கும், அதற்கு மேல் கேட்டாலும் வெறும் வெள்ளை.

கோடு எதிர் கீற்று: ஆடாசிட்டியில் சாளரத்தை வினாடியில் சொல்வதில்லை, மாதிரிகளின் எண்ணிக்கையில் சொல்வார்கள். 2,048 மாதிரி என்றால் 44,100இல் 46 மில்லிவினாடி. பிராட்டின் 5 மில்லிவினாடியோடு ஒப்பிடுங்கள், புரிந்துவிடும். அச்சும் வேறாக இருக்கலாம்: ஆடாசிட்டியில் மெல், மடக்கை, நேர்கோடு என்று தேர்வு உண்டு. நேர்கோட்டு அச்சுக்கு மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள்.

தேன்சிட்டைத் தனி இழையில் தொடர்வோமா? இங்கே ழகரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஐயப்பாடு

நானும் ஒன்று கேட்டுவிடுகிறேன், கொஞ்சம் காரமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். முதலில் வந்த எண் பிடிக்கவில்லை. உச்சவரம்பை மாற்று, சாளரத்தை மாற்று, புள்ளி நமக்கு வேண்டிய இடத்தில் உட்காரும்வரை திருகு என்கிறீர்கள். இது அளவீடா, அலங்காரமா? ‘ழகரத்தில் எஃப்3 தாழும்’ என்று முன்பே முடிவு கட்டிவிட்டு, தாழும்வரை குமிழைத் திருப்பினால் தாழத்தான் செய்யும். ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வில் நான் தேர்வாளராக இருந்தால் இதைத்தான் முதலில் கேட்பேன்.

தறிநாடா

தொடாமல் விட்ட 5,500 மட்டும் புனிதமா? அதுவும் யாரோ வைத்த எண்தான், அதுவும் பெண்குரலுக்கு.

ஐயப்பாடு

புனிதம் என்று சொல்லவில்லை. எல்லாச் சொல்லுக்கும் ஒரே தவறு நடந்தால் ஒப்பீடாவது மிஞ்சும். சொல்லுக்குச் சொல் மாற்றினால் அதுவும் மிஞ்சாது.

பழைய_சோனாகிராஃப்

எல்லாச் சொல்லுக்கும் ஒரே தவறு நடக்கவில்லையே, அதுதான் இங்கே சிக்கல். ளகரத்தில் எஃப்2வும் எஃப்3யும் தள்ளி நிற்கின்றன, பிராட் சரியாகப் படிக்கிறது. ழகரத்தில் மட்டும் ஒட்டுகின்றன, அங்கே மட்டும் தவறுகிறது. ஒரே அமைப்பு இரண்டு ஒலிகளையும் இரண்டு விதமாக நடத்துகிறது. ஒப்பீடு மிஞ்சும் என்று நம்பித்தான் இந்தப் பெண்ணுக்குத் தலைகீழ் முடிவு வந்தது.

ஆனால் உங்கள் அச்சத்தில் நியாயம் உண்டு. சொல்லுக்குச் சொல் திருகக் கூடாது; நான் ஒப்புக்கொள்கிறேன். அமைப்பை ஆளுக்கு ஒன்றாக முடிவு செய்யலாம். அதையும் ழகரத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஆகாரம், ஈகாரம், ஊகாரம் என்று அவருடைய நெடில்களை எடுத்து, எந்த உச்சவரம்பில் புள்ளிகள் பட்டையின் நடுவில் ஆடாமல் செல்கின்றன என்று பார்த்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, பிறகே ழகரச் சொற்களைத் திறக்க வேண்டும். அப்போது வேண்டிய விடைக்காகத் திருகினீர்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

தறிநாடா

இதைக் கண்ணை நம்பாமலே செய்த முன்னுதாரணமும் இருக்கிறது. பிராட்டை எழுதிய இருவரில் ஒருவரான பால் போர்ஸ்மா, எஸ்குடெரோ முதலானவர்களுடன் சேர்ந்து 2009இல் பிரேசில், போர்ச்சுகல் போர்த்துக்கீசிய உயிரொலிகளை அளந்தார். பெண்களுக்கு 4,500 முதல் 6,500 வரை, ஆண்களுக்கு 4,000 முதல் 6,000 வரை, 10 ஹெர்ட்ஸ் படிகளில் உச்சவரம்பை நகர்த்தி, ஒருவரின் ஒரே உயிரொலி எந்த வரம்பில் மிகக் குறைவாகச் சிதறுகிறதோ அதை எடுத்துக்கொண்டார்கள். எந்த எண் வர வேண்டும் என்று யாரும் முடிவு செய்யவில்லை. சிதறல் குறைய வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. ஸ்கிரிப்ட் எழுதினால் ஒரு மாலையில் முடியும். வெண்கரிசல், வேண்டுமானால் எழுதித் தருகிறேன்.

ஐயப்பாடு

இது ஏற்கக்கூடியது. ஆனால் அது உயிரொலிகளுக்குச் செய்தது. நகர்ந்துகொண்டே இருக்கும் ழகரத்துக்கு அப்படியே பொருந்துமா?

பழைய_சோனாகிராஃப்

அப்படியே பொருந்தாது. நெடிலில் வரம்பை முடிவு செய்து ழகரத்துக்கு எடுத்துச் செல்வதுதான் நடுவழி.

வெண்கரிசல்

நீங்கள் சொன்னபடி ஆகார ஈகார ஊகாரங்களில் பார்த்தேன். இவருக்கு 4,900 முதல் 5,000 வரை புள்ளிகள் அமைதியாக இருக்கின்றன. 5,000 என்று முடிவு செய்து எழுதி வைத்துவிட்டேன். அந்த அமைப்பில் ‘வாழை’யைத் திறந்தால் 1,480இல் ஒரு வரிசை, 1,790இல் இன்னொன்று. ‘வழி’யிலும் பிரிகிறது. ஆனால் ‘தாழ்’ சொல்லின் இறுதியில் இன்னும் ஒட்டியே இருக்கிறது. அங்கே புள்ளிகள் பாதியில் காணாமலும் போகின்றன. எண்ணிக்கையை 6 ஆக்கிப் பார்க்கலாமா?

பழைய_சோனாகிராஃப்

கூடாது. 6 கேட்டால் 6 தரும், இல்லாததையும் கண்டுபிடித்துத் தரும். ஆகாரத்துக்கு நடுவில் பட்டையே இல்லாத வெள்ளை இடத்தில் புள்ளி வரிசை ஓடும்.

புள்ளி மறைவது வேறு. சொல்லின் கடைசியில் ஒலி தணிகிறது, புள்ளிகளுக்கென்று உள்ள 30 டெசிபல் வரம்புக்குக் கீழே போனவற்றைப் பிராட் வரைவதில்லை. கணக்கில் இருக்கும், திரையில் இராது.

‘தாழ்’க்கு வேறு வழி: ழகரத்தின் நடுவில் கர்சரை வைத்து கன்ட்ரோல்-எல் அழுத்துங்கள். அந்தக் கணத்தின் நிறமாலை தனிச் சாளரத்தில் திறக்கும். கிடையச்சில் அதிர்வெண், நெட்டச்சில் டெசிபல். 1,500க்கும் 1,900க்கும் இடையே இரண்டு முகடுகளா, ஒரு முகடும் அதன் தோளில் ஒரு மேடுமா, அல்லது ஒரே முகடா என்று பாருங்கள். மேடு தெரிந்தால் இரண்டு இருக்கின்றன. உண்மையிலேயே ஒரே முகடென்றால் எந்த அமைப்பும் அதைப் பிரிக்காது, பிரித்தாலும் நம்பக் கூடாது. அந்தக் கட்டத்தை எண்ணில்லாமல் விட்டு, ‘எஃப்2, எஃப்3 இணைந்தன’ என்று எழுதுங்கள். ளகரத்தில் அப்படி இணைகிறதா என்று பாருங்கள். இணையவில்லை என்றால், உங்கள் கேள்விக்கு அந்த வெற்றுக் கட்டமே நல்ல சான்று. சராசரி எடுக்கும்போது அங்கே பூஜ்யத்தைப் போட்டுவிடாதீர்கள், அவ்வளவுதான்.

வடலிக்கரை

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பேச்சில் பெரும்பாலும் ழகரம் ளகரமாகவே ஒலிக்கும். வாசிக்கும்போது மட்டும் சிலர் முயன்று ழகரம் சொல்வார்கள். இணைச்சொற்களைத் தாளில் எழுதிக் கொடுத்து வாசிக்க வைத்தீர்களா? அப்படியென்றால் எஃப்3 என்ன சொன்னாலும் அது அவருடைய வாசிப்பைப் பற்றித்தான் சொல்லும். வாழைத்தோட்டத்தைப் பற்றி அவரைக் கதைக்க விடுங்கள், ‘வாழை’ தானாக வந்து விழும்.

வெண்கரிசல்

எழுதித்தான் கொடுத்தேன். உரையாடலும் ஒரு பதிவாக இருக்கிறது, ஆனால் அது கைபேசியில் அனுப்பிய குரல்செய்தி. அதைப் பயன்படுத்தலாமா?

தறிநாடா

குரல்செய்திகள் சுருக்கப்பட்டவை. டபிள்யூஏவியாக மாற்றினாலும் போனது திரும்பாது. முதலில் மேற்பகுதியைப் பாருங்கள்: 4,000 ஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியதுபோல் படம் நின்றுவிட்டால், வழியில் எங்கோ 8,000 மாதிரி வீதத்துக்கு இறக்கிவிட்டார்கள் என்று பொருள். அப்போது 5,000 உச்சவரம்பில் ஐந்து ஃபார்மன்ட் தேடுவது வீண். எஃப்3 2,000 பக்கம் இருப்பதால் கண்ணால் பார்த்து இறக்கம் உண்டா இல்லையா என்று சொல்லலாம். எண்ணாக அட்டவணையில் ஏற்ற நான் துணியமாட்டேன். முடிந்தால் அவரிடம் இன்னொரு முறை போய், நல்ல பதிவுக்கருவியில் சுருக்கமில்லாமல் பதியுங்கள்.

வெண்கரிசல்

அடுத்த வாரம் ஊருக்குப் போகிறேன், பதிந்துவிடுகிறேன். இன்னொரு குழப்பம். வாசிப்பையும் உரையாடலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படமாகக் காட்ட வேண்டும். ஆனால் ஒரே கோப்பிலேயே சற்று நகர்த்தினால் கறுப்பின் அளவு மாறுகிறது. மௌனமான இடத்துக்குப் போனால் வெற்று இரைச்சல் மையைக் கொட்டியதுபோல் ஆகிவிடுகிறது.

தறிநாடா

ஆட்டோஸ்கேலிங். திரையில் அப்போது தெரியும் பகுதியில் எது உரக்க இருக்கிறதோ அதை முழுக் கறுப்பாக வைத்துக்கொள்ளும். பேச்சே இல்லாத இடத்தில் இரைச்சல்தான் உரத்தது, அதனால் அது கறுத்துவிடுகிறது. ஸ்பெக்ட்ரோகிராமின் மேம்பட்ட அமைப்புகளைத் திறந்து அதை அணைத்துவிடுங்கள். அங்கேயே உச்ச அளவு 100 என்று இருக்கும். படம் வெளிறித் தெரிந்தால் 90, 80 என்று இறக்கி, இரண்டு படங்களுக்கும் ஒரே எண்ணை வையுங்கள். இரண்டு பதிவின் ஒலியளவும் வேறாக இருந்தால் இதுவும் முழுத் தீர்வல்ல, ஆனால் ஏமாற்று குறையும்.

திரைப்பிடிப்பு எடுக்காதீர்கள், அச்சில் அசிங்கமாக இருக்கும். கண்ணில் தெரியும் ஸ்பெக்ட்ரோகிராமைப் பிக்சர் சாளரத்துக்கு அனுப்பும் கட்டளை இருக்கிறது. அந்தச் சாளரத்தில் இளஞ்சிவப்புச் சட்டத்தை இழுத்து அளவை முடிவு செய்து, 600 டிபிஐ பிஎன்ஜியாகச் சேமியுங்கள். இரண்டு படத்துக்கும் ஒரே கால நீளம் இருக்கட்டும், 0.4 வினாடித் துண்டையும் 0.9 வினாடித் துண்டையும் ஒரே அகலத்தில் இழுத்து வைத்தால் இறக்கத்தின் சரிவே வேறாகத் தெரியும்.

இன்னொன்று: அட்டவணைக்கான எண்களைத் திரையில் கர்சர் வைத்து எடுக்காதீர்கள். அங்கே கணக்கு, தெரியும் பகுதியைப் பொறுத்தது. பெரிதாக்கினால் எண் சிறிதளவு நகரும். பொருள்பட்டியலில் கோப்பைத் தேர்ந்தெடுத்து ஃபார்மன்ட்-பர்க் கட்டளையில் முழுப் பதிவுக்கும் ஒரே தடவை கணக்கிட்டு, அதிலிருந்து எடுங்கள்.

ஐயப்பாடு

அந்த அட்டவணையில் உச்சவரம்பு, ஃபார்மன்ட் எண்ணிக்கை, சாளர நீளம், பிராட் பதிப்பு எண் நான்கையும் ஒரு நிரலாகப் போடுங்கள். நான் தேர்வாளராக இருந்தால் அடுத்ததாகக் கேட்பது அதைத்தான்.

பழைய_சோனாகிராஃப்

1999இல் நாராயணன், பேர்ட், கான் மூவரும் ர, ற, ல, ள, ழ ஐந்தையும் எம்ஆர்ஐ படங்களோடு ஆராய்ந்து அமெரிக்க ஒலியியல் சங்க இதழில் எழுதியதைப் படித்திருப்பீர்கள். அது ஒரே ஒருவரின் பேச்சு. ஆகவே பெரியவரின் எண் அதிலிருந்து விலகினால் பதற வேண்டாம். நாவின் வடிவத்தைப் புரிந்துகொள்ள அதைப் பாருங்கள், எண்களுக்கு உரைகல்லாக அல்ல.

வெண்கரிசல்

‘தாழ்’ சொல்லை கன்ட்ரோல்-எல்லில் பார்த்தேன். 1,620இல் முகடு, அதன் வலது தோளில் 1,850 அருகே சிறு மேடு. மூன்று உச்சரிப்புகளில் இரண்டில் மேடு இருக்கிறது, ஒன்றில் இல்லை. இல்லாததை ‘இணைந்தது’ என்று குறித்துவிட்டேன். ‘தாள்’ சொல்லில் எங்கேயும் இணையவில்லை. தறிநாடா அண்ணா, அந்த ஸ்கிரிப்ட்டை அனுப்ப முடியுமா? இன்னும் பதியவேண்டியவர்கள் இருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் நெடில்களைக் கண்ணால் பார்த்து வரம்பு வைத்தால் ஐயப்பாடு என்னை விடமாட்டார்.

தறிநாடா

இரவு போட்டுவிடுகிறேன். ஒவ்வொருவரிடமும் ஆ, ஈ, ஊ மூன்றையும் குறைந்தது பத்துப் பத்து உச்சரிப்பாவது பதிந்துவாருங்கள். அதற்குக் குறைந்தால் சிதறலைக் கணக்கிட்டுப் பயனில்லை.